கழுவாத கால்

வீட்டில் அவளுக்கு லைப்ரரி என்று பெயர். வைத்தவர் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் தலையணைக்கு அடியில் ஒரு தடிப் புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டு, கேலியாக ஒருமுறை சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு தெருவுக்கும் பரவி, காய்கறிக்காரர் முதல் சர்ச்சில் எடுபிடி பார்க்கிற கோயில்பிள்ளை வரை எல்லோருக்கும் அவள் லைப்ரரியம்மா ஆகிவிட்டாள். அவள் எந்த நூலகத்திலும் வேலை பார்த்தவள் இல்லை. பார்த்த வேலையெல்லாம் அடுப்படியிலும் துணி துவைக்கிற கல்லிலும்தான். ஆனால் புத்தகம் என்றால் அவளுக்கு உயிர். அந்த உயிரை வைக்கத்தான் அந்த வீட்டில் இடமில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் ஒவ்வொரு முறையும் அவள் விடுவது புத்தகத்தைத்தான். எது அதிகம் பிடிக்குமோ அதைத்தானே ஆண்டவருக்காக விட வேண்டும்? பிடித்தது என்று சொல்லிக்கொள்ள வேறு எதையும் அந்தக் குடும்பம் அவளுக்கு மிச்சம் வைக்கவில்லை. எனவே இந்த வருடமும் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டவள், வழக்கமான பாவங்களைச் சொல்லிவிட்டு, வழக்கமான ஒறுத்தலையும் சொன்னாள்.

"தவக்காலம் முடியிற வரைக்கும் கதைப் புத்தகம் படிக்க மாட்டேன் சாமி."

அந்தக் கோயில் பாதிரியாரான பங்குச்சாமி இளைஞர். மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "வருஷா வருஷம் இதைத்தான் விடுறீங்களா?" என்றார்.

"ஆமா சாமி."

"வீட்டு வேலைக்கு யாரும் இருக்காங்களா?"

"நான் இருக்கேன்."

பாவசங்கீர்த்தனக் கூண்டின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமி முன்னால் சாய்ந்து வந்தார். பிறகு சாமி சொன்னார்: "அப்ப இந்த வருஷம் விடாதீங்க. தினம் அரை மணி நேரம் உக்காந்து படிங்க. நின்னுக்கிட்டு இல்ல, உக்காந்து. அதுதான் உங்க தவம். பெரிய வெள்ளிக்குள்ள ஒரு புத்தகத்தை முடிச்சிடணும்."

"நான் படிக்கிறது கதைங்க சாமி. புனிதர் வரலாறு இல்ல."

"கதையே படிங்க."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தவம் என்ற பெயரில் தின்பண்டம் கிடைத்த மாதிரி இருந்தது. அந்த வீட்டில் அரை மணி நேரம் உட்கார்வதை விட நாற்பது நாள் முழங்காலில் நிற்பது சுலபம் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

எடுத்த புத்தகம் ஒரு பெரிய நாவல். ஊரை விட்டு ஓடிப்போன தம்பியைத் தேடி ஒருத்தி தனியாக நடந்தே போகிறாள். முதல் அத்தியாயத்திலேயே ஓர் ஆறு குறுக்கிடுகிறது. பாலம் இல்லை, படகும் இல்லை. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் ஒரு காலை வைக்கிறாள். அந்த இடத்தில்தான் அடுப்படியிலிருந்து முதல் கூப்பாடு வந்தது.

கூப்பிட்டவர் நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. கோயில் பக்கத்தில் இருக்கிறது என்று தவக்காலம் முழுக்கத் தம்பி வீட்டில் தங்கி நோன்பிருக்க வந்திருந்தார். ஒருவேளைச் சாப்பாடு மட்டும்தான். அதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. ஆனால் நீராகாரம் நோன்பை முறிக்காது என்பதிலும் அதே கண்டிப்பு. எனவே காலையில் பழச்சாறு, கொஞ்சம் பொறுத்து காய்கறி வேகவைத்த தண்ணீர், மத்தியானம் பருப்புத் தண்ணீர், சாயங்காலம் பாதாம் அரைத்த பால். எதிலும் ஒரு திப்பிகூட இருக்கக் கூடாது. பல்லில் பட்டால் அது சாப்பாட்டுக் கணக்கில் போய்விடுமாம். எல்லாவற்றையும் மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டுவது யார் என்று கேட்கவே வேண்டாம்.

அந்தத் துணியை லைப்ரரியம்மா இரண்டு விரலால்தான் எடுப்பாள். எத்தனை முறை அலசினாலும் பாலும் பருப்பும் பழமும் சேர்ந்து புளித்த ஒரு வாடை. பிழியும்போது விரல் இடுக்கில் கொழகொழவென்று வழியும். கொடியில் காய்வதற்குள் அடுத்த நீராகாரத்துக்கு நேரம் வந்துவிடும். நாத்தனார் ஒரு மடக்கில் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "பசிய அடக்குறது சாமானியமா? ஆண்டவர் தெம்பு தர்றாரு" என்பார். ஆண்டவர் என்ன தந்தாரோ, வடிகட்டித் தந்தது இவள்.

வீட்டுக்காரர் சிமெண்ட் கிடங்கில் மேலாளர். அவர் தவக்காலம் பூராவும் கறி மீன் தொடுவதில்லை என்று சாம்பல் நெற்றியோடு அறிவித்தார். நல்ல காரியம்தான். கறி என்றால் ஒரு பாத்திரத்தோடு சமையல் முடிந்துவிடும். இப்போது மூன்று வகைக் காய் வேண்டும். அதிலும் ஒன்று கறி மாதிரியே மசாலா போட்டு, கறி மாதிரியே சுருள வதங்கி இருக்க வேண்டும். "கறி இல்லங்கிற நெனப்பே வரக் கூடாது. நெனப்பு வந்தா அதுவும் பாவம்தானே" என்றார். அவர் மனதில் பாவம் புகாமல் இருக்க இவள் காளானோடு மல்லுக்கட்டினாள்.

மூத்த மகள் கல்லூரிக்காரி. கைபேசியைத் துறந்தாள். துறந்ததும் அவளுடைய தோழிகள் எல்லோரும் அம்மாவின் கைபேசிக்கு அழைக்க ஆரம்பித்தார்கள். "ஆன்ட்டி, அவகிட்ட நாளைக்கு டெஸ்ட்னு சொல்லிடுங்க." "ஆன்ட்டி, அந்த நோட்ஸ ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." இளையவள் பள்ளி வேனைத் துறந்து நடந்து போவதாக முடிவெடுத்தாள். சின்னப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியுமா? கூடவே இவளும் நடந்தாள். போகவும் வரவும், மறுபடி போகவும் வரவும். யார் எதைத் துறந்தாலும் அது நேராக வந்து இவள் தலையில் விழுந்தது.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்புதான் வந்தது. சாப்பாட்டு மேசையில் நால்வரும் உட்கார்ந்து, யாருடைய ஒறுத்தல் கடினம் என்று பேசிக்கொள்வார்கள். ஒருவரை ஒருவர் மெச்சுவார்கள். மெச்சிக்கொண்டே தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார்கள். காய்ந்து ஒட்டிய பருக்கையையும் மென்று துப்பிய சக்கையையும் கையால் வழித்து எடுக்கும்போது, இவர்களுக்காகவா ஆண்டவர் பாடுபட்டார் என்று தோன்றும். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள். அப்புறமும் அதேதான் தோன்றும்.

அரை மணி நேரத்தை எங்கே தேடுவது? படுக்கையறைத் தாழ்ப்பாள் எப்போதோ கழன்றது. 'இந்த ஞாயித்துக்கெழம போட்டுடறேன்' என்று வீட்டுக்காரர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை. உள்ளே பூட்டிக்கொள்ளக்கூடிய இடம் அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான். மத்தியானமோ ராத்திரியோ பாத்திரம் கழுவி முடித்ததும், புத்தகத்தை மாற்றுப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு அங்கே போவாள். நீல வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவாள். தண்ணீர் போகும் ஓட்டையில் நான்கு பேரின் முடியும் சோப்பு நுரையும் சேர்ந்து திரண்டு கிடக்கும். சுவரில் பூஞ்சை. மூலையில் யாரோ பிழியாமல் போட்ட உள்ளாடை. காலைத் தூக்கிச் சுவரோடு ஒட்டிவைத்துக்கொண்டு, மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஆற்றில் ஒரு காலை வைத்து நிற்பவளிடம் போவாள்.

ஒரு பக்கம் நகர்வதற்குள் கதவு தட்டப்படும். "அம்மா, ஃபோன்." "அம்மா, என் சாக்ஸ் எங்க?" "ஏ லைப்ரரி, உள்ள என்ன பண்ற, தூங்கிட்டியா?" நாத்தனார் தட்டமாட்டார். கதவோரம் நின்று இருமுவார். தினமும் அவள் அவ்வளவு நேரம் உள்ளே இருப்பதைப் பார்த்து அவரே ஒரு முடிவுக்கு வந்து, ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, "என் தம்பி பொண்டாட்டிக்கு வயித்துல கோளாறு. போனா வரவே மாட்டேங்குறா. எல்லாரும் அவளுக்காக ஒரு ஜெபமாலை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஆள் ஆளுக்கு வந்து இப்போது வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். தையற்கடைக்காரர் மனைவி மட்டும் காதோடு, "வெந்தயத்தை முழுங்கிப் பாருங்க" என்றாள்.

இப்படி முக்கி முனகி, பெரிய வியாழன் அன்று புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம் இருந்தது. தம்பியைத் தேடிப் போனவள் அவன் இருக்கும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். கதவைத் தட்டியும் விட்டாள். யார் திறப்பார்கள்? வெள்ளி முழுக்கக் கோயில். சாமி சொன்ன கெடுவும் அதுதான். எனவே இந்த வியாழன் மத்தியானத்து அரை மணி நேரம்தான் அவளிடம் மிச்சம். இதை முடித்தால், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தவக்காலத்தைச் சொன்ன சொல் மாறாமல் முடித்தவள் ஆவாள். காலையிலிருந்தே வேலைகளை விரட்டி விரட்டி முடித்தாள். புத்தகத்தைப் புடவைக்குள் சுருட்டினாள். குளியலறைப் பக்கம் திரும்பினாள்.

"எங்க போற? இங்க வா" என்றார் நாத்தனார்.

நடுக்கூடத்தில் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். அன்று சாயங்காலப் பூசையில் சாமி பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். சீடர்களின் பாதங்களை ஆண்டவர் கழுவியதன் நினைவாக நடக்கிற சடங்கு. தெருவுக்கு ஒருவராக ஆளைப் பொறுக்கியிருந்தார்கள். இந்தத் தெருவுக்கு வீட்டுக்காரர்.

"இந்தக் காலோடயா இவன் போய் உக்காருறது?" என்று நாத்தனார் கையை நீட்டிக் காட்டினார். "சாமி தொட்டுக் கழுவுவாரு, முத்தம் வேற குடுப்பாரு. பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க? பொண்டாட்டி கவனிக்கிறதில்லன்னு உன்னைத்தான் சொல்லுவாங்க."

"அவரே கழுவிக்கட்டுமே அண்ணி."

"குனிஞ்சா எனக்கு இடுப்பு புடிச்சிக்கும்" என்றார் வீட்டுக்காரர். "சாயங்காலம் வேற ரொம்ப நேரம் உக்காரணும்ல?"

கழுவத்தானே சாமி இருக்கிறார், கழுவப்போகிற காலை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் நாத்தனார் அதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். லைப்ரரியம்மா புத்தகத்தைப் பீரோ மேல் வைத்தாள். தினமும் அவள் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்த நீல வாளியை நிமிர்த்தி, வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள்.

வருடக்கணக்காகச் சிமெண்ட் தூசியிலும் பூட்ஸுக்குள்ளும் வெந்த கால்கள் அவை. குதிகால் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் சாம்பல் நிறச் சேறு இறுகிப் போயிருந்தது. கட்டைவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, அடியில் கருப்பாக என்னவோ சேர்ந்திருந்தது. விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிய தோல். வாளிக்குள் கால் போனதும் ஒரு நாற்றம் எழுந்து நேராக இவள் தொண்டைக்குள் போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லால் தேய்த்தாள். செத்த தோல் அழிரப்பர் தூசி மாதிரி உருண்டு உருண்டு வந்து கையில் ஒட்டியது. தண்ணீர் மாற்றினாள். மறுபடி தேய்த்தாள். அவர் பக்திப்பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தார்.

"மெதுவா, கூசுது" என்றார்.

அவள் தேய்ப்பதை விட்டுவிட்டுக் குச்சியை எடுத்தாள். நகத்தடியைக் குச்சியால் நோண்டும்போது கண் தானாகப் பீரோ மேல் போனது. அங்கே ஒருத்தி கதவைத் தட்டிவிட்டு நின்றுகொண்டிருக்கிறாள். சீ, என்ன பிழைப்பு இது என்று நினைத்தாள். அந்தக் காலை வெறுத்தாள், காலுக்குச் சொந்தக்காரரை வெறுத்தாள், வாளியை வெறுத்தாள், எதுவும் பேசாமல் தேய்த்துக்கொண்டிருக்கிற தன் கைகளைத்தான் எல்லாவற்றையும் விட அதிகமாக வெறுத்தாள். முடிந்ததும் நாத்தனார் குனிந்து பார்த்து, பவுடர் போட்டுவிடச் சொன்னார். அதையும் போட்டாள்.

ஆட்டோ வந்தது. கழுவிய கால் அழுக்காகாமல் இருக்க வீட்டுக்காரர் நடுவில், ஒரு பக்கம் நாத்தனார், மறுபக்கம் இரண்டு மகள்கள். "நீ அடுப்ப அணைச்சிட்டு, கூடத்தைத் துடைச்சிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூடம் முழுக்க அந்தத் தண்ணீர். துடைத்து முடித்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஓடினாள். சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்த தெருவில் பலகை மேல் நடந்தபோது ஒரு செருப்பின் வார் அறுந்தது. கால் நேராகச் சேற்றில் போனது. எடுத்து வைத்த அடுத்த காலும் போனது. செருப்புகளை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு கோயிலுக்கு வந்து, கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

பிரசங்கம் முடிந்துவிட்டிருந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். ஆளுக்கு ஒரு கால்தான் கழுவுவது வழக்கம் என்பதால், பதினோரு பேர் வலது காலில் மட்டும் செருப்பில்லாமல் காத்திருந்தார்கள். கடைசி நாற்காலி காலி. தையற்கடைக்காரருக்குக் காய்ச்சலாம். கோயில்பிள்ளை வரிசை வரிசையாகக் குனிந்து ஆள் தேடினார். "நீங்க வாங்களேன்" என்றதும் பூக்கடைக்காரர் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "இன்னைக்கு வேணாங்க. கால் சரியில்ல." வாத்தியார் தலையை ஆட்டினார். "முன்னாடியே சொல்லியிருந்தா கழுவிட்டு வந்திருப்பேன்." மருந்துக்கடைக்காரர் நகம் வெட்டவில்லை என்றார். அவருக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்களும் கேட்பதற்கு முன்னாலேயே புடவையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கோயிலில், கழுவிக்கொள்ளும் நிலையில் ஒரு கால்கூட இல்லை.

லைப்ரரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அந்த மத்தியானத்து நாற்றமும் தொண்டைக்கு வந்தது. எழுந்தாள். நடுவழியே, பளிங்குத் தரையில் சேற்றுத் தடம் பதியப் பதிய நடந்து போய், காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர். அவர் குனிந்து பார்த்தார். "அய்யய்யோ, என்ன கால் இது? எழுந்து போ" என்று உதடு அசையாமல் சொன்னார். அவள் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமி ஒவ்வொருவராக வந்தார். பளபளவென்று பத்துப் பாதங்கள். சிலவற்றில் நகப்பூச்சுகூட இருந்தது. ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாகக் கிண்ணத்தில் விழுந்தது. வீட்டுக்காரரின் பாதத்தில் சாமி தண்ணீர் விட்டு, துடைத்து, முத்தமிட்டார். பவுடர் வாசனை லேசாக வந்தது. வீட்டுக்காரர் கண்கலங்கிக் கைக்குட்டையை எடுத்தார். முன் வரிசையில் நாத்தனாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு சாமி இவள் முன்னால் மண்டியிட்டார். குனிந்தவரின் கை பாதி வழியில் நின்றது. கணுக்கால் வரை கருஞ்சேறு. வெடித்த குதிகால். பெருவிரல் நகத்தோரம் சாக்கடையிலிருந்து வந்த ஏதோ ஒரு நார். கிண்ணம் பிடித்திருந்த கோயில்பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். சாமியின் மூக்கு நுனியும் ஒரு கணம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை அவளுக்குத் தெரியும். மத்தியானம் முழுக்க அவள் முகத்தில் இருந்தது அதுதான். சாமி கொஞ்சம் தண்ணீரை விட்டார். கிண்ணத்தில் இருந்த தெளிந்த தண்ணீர் கறுத்தது. அதோடு போதும் என்று அவர் துண்டுக்குக் கையை நீட்டினார்.

அவள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பக்கத்துக் கால மத்தியானம் நான் கழுவிட்டேன் சாமி. நீங்க குடுத்த அரை மணி நேரம் அதுலயே போயிடுச்சு. இத நீங்க நல்லாத் தேயுங்க."

சாமி நிமிர்ந்து பார்த்தார். கம்பி வலைக்குப் பின்னால் கேட்ட குரல் அவருக்கு நினைவு வந்துவிட்டது போலிருந்தது. காது சிவந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அங்கியின் கையை மடித்துவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைக்கச் சொல்லி, இன்னொரு ஜாடி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு அவள் வலது காலைக் கிண்ணத்துக்குள் இறக்கி, கட்டைவிரலால் குதிகால் வெடிப்பை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, இன்னும் முடியவில்லையே என்று எட்டிப் பார்த்து, முதல் வரியிலிருந்து மறுபடி எடுத்தது.

சாமி துடைத்து முத்தமிட்டு எழப்போனார். அவள் இடது காலை நீட்டினாள்.